நாலு மெழுகுவத்தியும் ஒரு பம்ப் ஸ்டவ்வும்

“வெள்ளைக்காரனக் கட்டிக்கினே, சரி. மொத பிரசவத்துக்கு எந்த ஆத்தா வூட்டுக்குப் போவே?”

என் பெரியம்மா இதைக் கேட்டது எங்கள் கல்யாண விருந்தில், கை கழுவுகிற இடத்தில். அவள் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனேன். கல்யாணத்தன்று பிரசவத்தைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. அடையாறில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடிக்கு அம்மா மெதுவாக ஏறி வந்தாள். மந்தைவெளி மார்க்கெட்டில் அன்றைக்கு விற்றது போக மிஞ்சிய முளைக்கீரைக் கட்டு அவள் இடுப்பில் இருந்தது. நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கக் கதவைத் திறந்தேன்.

அம்மா உள்ளே ஒரு கால் வைத்தாள். சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

“யாருடி செத்தது?”

மேசை நடுவில் பச்சைச் சவுக்கு இலைகளைச் சுற்றிக் கட்டிய ஒரு வட்ட வளையம் இருந்தது. அதன் மேல் நாலு சிவப்பு மெழுகுவத்திகள்.

காத்திருப்பதற்கு ஒரு பண்டிகை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கீரை விற்கிறவள். நைனா மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். கோட்டூர்புரம் பாலத்தருகே ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீடு. அந்த அறையில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துப் படித்து, கல்லூரியும் முடித்து, அதற்குமேல் மாலை வகுப்பில் ஜெர்மன் கற்றுக்கொண்டேன். ஏன் ஜெர்மன் என்று எல்லோரும் கேட்பார்கள். பிரெஞ்சு வகுப்பில் இடம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் வகுப்பில் சேர்ந்த முதல் டிசம்பரிலேயே அந்த ஊரின் ஒரு பழக்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரங்களை அவர்கள் ‘அட்வென்ட்’ என்கிறார்கள். பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுவத்தி வைப்பார்கள். முதல் ஞாயிறு ஒன்றை ஏற்றுவார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு. நாலும் எரியும்போது பண்டிகை வாசலில் நிற்கும்.

எங்கள் வீட்டில் பண்டிகை என்றால் அன்று காலையில் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான். காத்திருப்பதையே ஒரு கொண்டாட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் இயந்திரங்களுக்கான ஜெர்மன் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. அந்த இயந்திரங்களைப் பொருத்த வந்தவர்தான் தோமாஸ். திரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். பெயரைக் கேட்டதும் அம்மா, “இது நம்ம சாந்தோம் பக்கத்துப் பேரு தானே” என்று பாதி சமாதானமானாள். மீதிப் பாதிக்கு ஒரு வருடம் ஆயிற்று.

என் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அந்த வருடம், அவர் ஊர்ப் பண்டிகையை முதல் வாரத்திலிருந்தே முழுசாகச் செய்வது என்று நாங்கள் முடிவு செய்தோம். நானும் காத்திருந்தேன். எனக்கும் ஒவ்வொரு வாரமாக ஏற்ற ஏதாவது வேண்டியிருந்தது.

தோமாஸ் வாங்கி வந்த வளையம்

வளையத்துக்கு உள்ளே வைக்க ஒரு சட்டம் வேண்டும். தோமாஸ் அதைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லி சைக்கிளில் மயிலாப்பூர் போனார். பூ மாலை கட்டும் கடையில் மூங்கில் சிம்பை வளைத்து வாழைநாரால் கட்டிய வளையம் தொங்கியதாம். கடைக்காரர், வீடு எங்கே, எப்போது வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். என் வீட்டுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு என்று இவர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் திடமா வெச்சுக்கணும் சார் என்றாராம்.

வீட்டுக்கு வந்து, மயிலாப்பூர்க்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று தோமாஸ் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வளையம் எதற்குக் கட்டுவது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் படித்த திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இலை சுற்றிவிட்டால் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் கண்ணுக்கு இலை தெரியவில்லை. வளையம்தான் தெரிந்தது.

“வாயும் வயிறுமா கீற பொண்ணு வூட்ல சாவு வளையத்த நடுவால வெச்சி, மேல வத்தி வேற நட்டு வெச்சிகீறீங்க. நல்லா கீதா இது?”

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். அவர்கள் ஊரில் இது நல்லதுக்கு வைப்பது, ஆரம்பமும் முடிவும் இல்லாத வட்டம் என்றெல்லாம். அம்மா கேட்கவே இல்லை. வாசலுக்கு வெளியே, மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தோமாஸுக்கு நான் ஜெர்மனில் இரண்டே வாக்கியம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து வாழைநாரை அறுத்தார். மூங்கில் விர்ரென்று நிமிர்ந்தது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, அதில் சவுக்கு இலையைப் பரப்பி, நாலு மெழுகுவத்தியையும் வரிசையாக நிற்க வைத்தார். பிறகு வாசலுக்குப் போய்க் கைகூப்பினார்.

“அம்மா, தயவுசெய்து உள்ளே வாருங்கள். வளையம் இப்போது இல்லை.”

தோமாஸ் பேசும் தமிழ் புத்தகத்தில் படித்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தால் ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரி இருக்கிறது என்பாள் அம்மா. அன்றைக்கு அந்தச் செய்தி அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே வந்து, ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் அடியில் குங்குமப் பொட்டு வைத்தாள். அறுத்த மூங்கிலைச் செய்தித்தாளில் சுற்றிப் போகும்போது எடுத்துப் போனாள். எங்கே போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வாயால் ஊதக்கூடாது

முதல் மெழுகுவத்தியை ஏற்றினோம். நான் ஒரு ஜெர்மன் பாட்டை அரைகுறையாகப் பாடினேன். தோமாஸ் தன் அம்மாவின் நினைவில் கொஞ்சம் கண் கலங்கினார். பாட்டு முடிந்ததும் மெழுகுவத்தியை அணைக்கக் குனிந்து வாயைக் குவித்தார். குறுக்கே ஒரு கை வந்தது.

“மாப்புள, புள்ளத்தாச்சி வூட்ல வெளக்க வாயால ஊதுறதா?”

எங்கள் பக்கத்தில் விளக்கை அணைப்பது என்று சொல்லவே மாட்டோம். குளிர வைப்பது என்போம். அம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு மல்லிப்பூவைக் கிள்ளி, ஒரு சொட்டுப் பாலில் தொட்டு, திரியின் தலையில் வைத்தாள். சிஸ் என்றது. கருகின மல்லியும் மெழுகும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. இன்றும் டிசம்பர் என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

தோமாஸ் அசந்துபோனார். எனக்கோ ஒரு யோசனை பிறந்தது.

அந்த நாட்களில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரே வழக்குதான். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் ஆகவேண்டும், வளைகாப்பு முடிந்த கையோடு ஆற்றோர வீட்டுக்கு நான் வந்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. மார்கழி பிறந்தால் வீடு மாறக்கூடாது, அதனால் அதற்குள். ஆனால் அந்த வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் நுழையாத வருடமே இல்லை. அம்மா இங்கே வந்து என்னோடு இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு அவள் ஒப்பவே மாட்டாள். பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெற்றவள் பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு சட்டம். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. சாப்பிடாத வீட்டில் எப்படித் தங்குவது?

அதனால் அன்று நான் வெகு சாதாரணமாகச் சொன்னேன், அடுத்த ஞாயிறு இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவோம், நீ வராவிட்டால் தோமாஸ் ஊதித்தான் அணைப்பார் என்று.

“நீயே பூவால வெய்யேன்.”

“வயித்தோட குனிய முடியலம்மா.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னாடி, வல வீசறியா?”

ஆமாம் என்றேன்.

தீப்பெட்டியில் கடலை மிட்டாய்

இரண்டாம் ஞாயிறு அவள் நைனாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வீடு முழுக்கப் பட்டையும் ஏலக்காயும் மணத்தது. தி.நகரில் வாங்கிய வட்ட அலுமினிய ஓவனில் நானும் தோமாஸும் நட்சத்திர வடிவத்தில் பிஸ்கோத்து சுட்டுத் தள்ளியிருந்தோம். முதல் தட்டு கரி. இரண்டாவது தட்டு பாதி கரி. மூன்றாவதைப் பார்த்து நாங்கள் இருவரும் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினோம். நான் ஆடியது ஒரு கப்பல் திரும்புவதைப்போல் இருந்ததாம்.

சுவரில் டிசம்பரின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தீப்பெட்டியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு மிட்டாய். நாளுக்கு ஒரு பெட்டிதான் திறக்கவேண்டும். நைனா பீடி பற்றவைக்க நெருப்பு தேடினார். ஒரு பெட்டியைத் திறந்தார், கடலை மிட்டாய். இன்னொன்று, கமர்கட்டு. பாவம், குச்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கிறிஸ்துமஸ்வரை திறந்துவிட்டார். பிஸ்கோத்தையும் விடவில்லை. கை நனைக்கக் கூடாதென்று அம்மா முறைத்ததற்கு, “பிஸ்கோத்துல எங்கம்மே கை நனையுது?” என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அம்மா மட்டும் எதையும் தொடவில்லை. அவள் கண் மேசை ஓரத்தில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றின்மேல் இருந்தது. அதன் பெயர் ஸ்டோலன். திராட்சையும் பாதாமும் போட்ட கனமான ரொட்டி. மேலே சர்க்கரைத் தூள் வெள்ளையாகப் படிந்திருக்கும். சுட்டதும் சாப்பிடக் கூடாது. துணியில் சுற்றிப் பல நாள் வைத்து, பண்டிகைக்குத்தான் வெட்டவேண்டும். துணியில் பொதிந்த பச்சைப் பிள்ளையின் உருவம் அது என்று தோமாஸ் விளக்கினார்.

அம்மா யோசித்தாள். “புள்ளைன்றீங்க. அப்பறம் கத்தி வெப்பீங்களா?”

தோமாஸ் கத்திப் பேச்சை விட்டுவிட்டு வேறொன்று சொன்னார். அவர்கள் ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் வருவதற்கு முன்னாலேயே வாழ்த்துச் சொன்னால் கெடுதல் என்பார்களாம். பிறக்கும் முன்னால் பிள்ளைக்குத் துணி வாங்கக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாது என்று அம்மா போட்டிருந்த தடைக்கு அவர் அதனால்தான் மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா முகம் மலர்ந்தது.

“அங்கியும் மனுசங்கதான் கீறாங்க” என்றாள்.

அன்று இரண்டு மெழுகுவத்தியைக் குளிர வைத்தாள். ஆனால் படியிறங்கும்போது, வளைகாப்பு அடுத்த ஞாயிறு, அன்றைக்கே உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

பம்ப் ஸ்டவ் வந்தது

மூன்றாம் ஞாயிறு, கார்த்திகையின் கடைசி ஞாயிறு. விடியும்போதே மழை.

வாசலில் சத்தம் கேட்டுத் திறந்தேன். அம்மா நின்றிருந்தாள். புடவை முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரில் நனைந்திருந்தது. ஒரு கையில் பம்ப் ஸ்டவ். இன்னொரு கையில் குடம். நைனாவின் தலையில் அரிசி மூட்டை, தோளில் சுருட்டிய பாய்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று பதறினேன். இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறது, நான் ஒன்றும் தண்ணீருக்குப் பயந்து வரவில்லை என்றாள். என்னைத் தாண்டி நடந்தாள். ஹாலைத் தாண்டினாள். பால்கனிக் கதவைத் திறந்தாள்.

எங்கள் பால்கனி அகலமானது. முன்பு குடியிருந்தவர்கள் கம்பியும் மரக் கதவும் போட்டு அதை அடைத்திருந்தார்கள். அங்கே தோமாஸின் சைக்கிளும் காலிப் பெட்டிகளும்தான் கிடந்தன. அம்மா சைக்கிளை ஹாலுக்குத் தள்ளினாள். தரையைக் கழுவினாள். ஒரு மூலையில் ஸ்டவ்வை வைத்துப் பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். தன் அரிசி, தன் குடத்துத் தண்ணீர். பால்கனி வாசலில் ஒரு சின்னக் கோலமும் போட்டாள்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இது என் வூடு.”

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கோலத்தை மிதிக்காமல் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

வளைகாப்புக்கு ஆற்றோரத்துப் பெண்கள் மழையில் குடையோடு வந்தார்கள். அந்த ஸ்டவ்விலேயே புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் இறங்கின. முதலில் வேப்பங்குச்சிக் காப்பு, பிறகு முழங்கைவரை கண்ணாடி வளையல். பெரியம்மாவும் வந்திருந்தாள். ஆரத்தி சுற்றி முடித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள், ஆற்றில் தண்ணீர் இப்படிக் கிடக்க இப்போது பெண்ணை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறாய் என்று. அவள் கேட்டதில் இந்த முறை கேலி இல்லை. கவலைதான் இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்தாள். ஹாலின் குறுக்கே நடத்திப் போனாள். பால்கனி நிலைப்படியில் நிறுத்தி, “வலது கால வெச்சி வா கண்ணு” என்றாள்.

வைத்தேன். பின்னால் யாரோ குலவையிட்டார்கள். பெரியம்மாதான் அது. அவ்வளவு வளையலும் குலுங்க நான் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் மூன்று மெழுகுவத்தி எரிந்தது.

மாமியார் வீட்டு விருந்து

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. தோமாஸ் வேலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, சட்டை மாற்றி, பால்கனிக் கதவைத் தட்டுவார். “உள்ளே வரலாமா அம்மா?” அம்மா தலைப்பைச் சரி செய்துகொண்டு, வாங்க மாப்புள, இப்பத்தான் வரீங்களா என்பாள். மாமியார் வீட்டுக்கு விருந்து வந்தவருக்கு உள்ள மரியாதை முழுக்கக் கிடைக்கும். வஞ்சிரக் குழம்பு, இரண்டாம் முறை சோறு, வெற்றிலைகூட. சாப்பிட்டு முடித்துத் தன் வீட்டுக்குப் போவார், கதவுக்கு அந்தப் பக்கம்.

நாலாம் ஞாயிறு நாலு மெழுகுவத்தியும் எரிந்தன. மார்கழிக் குளிர் வந்திருந்தது. அம்மாவின் ஸ்டவ் அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது.

சைக்கிள் மணி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அவர்களுக்குப் பெரிய நேரம். மரத்தை அதுவரை யாருக்கும் காட்டக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அலங்காரம் செய்வார்கள். மணி அடித்ததும்தான் மற்றவர்கள் உள்ளே வரவேண்டும்.

தோமாஸ் ஹாலைச் சாத்திக்கொண்டார். நைனா வண்டியோடு வெளியே போயிருக்க, நானும் அம்மாவும் பால்கனியில் காத்திருந்தோம். கதவிடுக்கில் சவுக்கு வாசனை வந்தது. காகிதம் சரசரத்தது. ஏதோ விழுந்தது. ஜெர்மனில் ஒரு திட்டு.

எனக்கு இடுப்பில் பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மத்தியானத்திலிருந்தே அப்படித்தான் வந்து வந்து போனது. ஆனால் மணி அடிக்கட்டும் என்று ஒரு பிடிவாதம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கீரையை ஒதுக்கி வைத்தாள்.

“எம்மா நேரமா?”

“மணி அடிக்கட்டும்மா.”

“உன் புள்ள மணி பாத்துக்கினா வரும்?”

அப்போது மணி அடித்தது. வேறு மணி இல்லாததால் தோமாஸ் ஹாலில் நின்ற சைக்கிளின் மணியைக் கிணுகிணுவென்று அடித்துவிட்டார். கதவு திறந்தது.

சவுக்கு மரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதில் வெள்ளிக் காகித நட்சத்திரங்கள், கரியாகாமல் தப்பிய எங்கள் பிஸ்கோத்துகள், என் வளைகாப்பில் மிஞ்சிய கண்ணாடி வளையல்கள். மேசையில் தாம்பாளத்தில் நாலு மெழுகுவத்தியும் கட்டையாகித் தகதகத்தன. அம்மா ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து வாய்திறந்து நின்றாள்.

“நல்லாத்தான் கீது” என்றாள். அதே மூச்சில், “மாப்புள, ஆட்டோ கூப்புடுங்க.”

தோமாஸுக்கு அவ்வளவு நாள் கற்ற தமிழும் மறந்துபோனது. ஜெர்மனில் என்னவோ கேட்டுக்கொண்டே ஒற்றைச் செருப்போடு கீழே ஓடினார். ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் பதறாமல் கொண்டையிலிருந்து மல்லிகையைக் கிள்ளி, பாலில் தொட்டு, ஒவ்வொரு மெழுகுவத்தியாகக் குளிர வைத்துக்கொண்டிருந்தாள். நாலும் முடிந்ததும் வெள்ளைத் துணியில் சுற்றிய ஸ்டோலனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அது எதுக்கும்மா?”

“புள்ள மூஞ்சியப் பாத்ததும் மொத துண்டு நான்தான் துன்னுவேன். நீ நட, நான் வூட்டப் பூட்டிக்கினு வரேன்.”

எந்த வீட்டை என்று நான் கேட்கவில்லை. பின்னால் பால்கனிக் கதவு சாத்தும் சத்தமும், வாசல் பூட்டு விழும் சத்தமும், சாவியை முந்தானையில் முடியும் சலசலப்பும் கேட்டன. நான் அதற்குள் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் இறங்கியிருந்தேன்.